பச்சைத் தொட்டிக்குள் எது போகலாம்?

என் மனைவியின் தங்கை கனடாவின் பிரம்டன் நகரில் இருக்கிறாள். நாங்கள் ரொறன்ரோ நகரின் ஸ்காபறோவில். 401 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஆனால் அடுப்படிக் கழிவு என்று வந்துவிட்டால் இரண்டு வீடும் இரண்டு தேசம். எங்கள் பக்கத்தில் பேரனின் டயப்பர், அடுப்படிக் கழிவுக்கென்று நகராட்சி தந்த பச்சைத் தொட்டிக்குள் போகும். அவள் பக்கத்தில் அது குப்பை. நாங்கள் பால் வாங்கிய பிளாஸ்டிக் பையிலோ மரக்கறி வாங்கிய மெல்லிய பையிலோ கழிவைக் கட்டி அப்படியே போடலாம். அவள் மக்கும் பை என்று முத்திரை குத்தியதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய பத்திரிகைத் தாளில் சுற்ற வேண்டும்.

“பிளாஸ்டிக் பையோடு சேர்த்துப் போடச் சொல்கிற ஊருக்குச் சுற்றுச்சூழல் என்று என்ன பேச்சு வேண்டிக் கிடக்கிறது, அத்தான்?” என்று ஒரு பொங்கலுக்கு வந்தபோது கேட்டாள். கையில் கரும்புச் சக்கை வைத்திருந்தாள். அதை எங்கே போடுவது என்பதில்தான் பேச்சே தொடங்கியது.

அன்று அவளுக்கு ஏதோ அரைகுறையாகச் சொன்னேன். பிள்ளைகள் பட்டம் விடுவது போல விடயம் எங்கெங்கோ போய்விட்டது. கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் தொட்டிப் பட்டியல்களை நாங்கள் ஒழுக்க விதிகளைப் போலத்தான் வாசித்து வருகிறோம். நல்ல குடிமகன் இதைப் போடுவான், பொறுப்பில்லாதவன் அதைப் போடுவான் என்பது மாதிரி. பட்டியலை எழுதியது எந்த நீதிமானும் இல்லை. ஊருக்கு வெளியே நிற்கும் ஓர் ஆலை அதை எழுதியது. அந்த ஆலைக்கு எதைச் சமாளிக்க முடியும், எதை முடியாது என்பதுதான் நம் வீட்டு வாசலுக்கு வரும்போது ‘போடலாம், போடக்கூடாது’ என்று மாறிவிடுகிறது. ஆலையைப் பார்த்துவிட்டுப் பட்டியலை வாசித்தால், முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்த வரிகள்கூட விளங்கும்.

ரொறன்ரோவுக்கு அப்படி இரண்டு ஆலைகள் உண்டு. ஒன்று டஃபரின் பக்கம், ஆண்டுக்கு 55,000 தொன் கையாளக்கூடியது. மற்றது விமான நிலையத்துக்குக் கிட்ட டிஸ்கோ வீதியில், 75,000 தொன். (நாறும் கழிவைக் கொண்டுபோய்க் கொட்டும் இடத்துக்கு டிஸ்கோ வீதி என்ற பெயர் தற்செயலாக அமைந்ததுதான் என்று நம்புகிறேன்.) லொறி வந்து தளத்தில் கொட்டியதும், பை பையாகவே எல்லாவற்றையும் அள்ளி ஒரு பெரிய உருளைத் தொட்டிக்குள் போட்டுத் தண்ணீர் விட்டுச் சுழற்றுகிறார்கள். மிக்ஸியில் சம்பல் அரைப்பது போன்ற வேலைதான், ஆனால் வெட்டும் அலகு இல்லை. தண்ணீரின் சுழற்சியும் உராய்வும் பையைக் கிழித்து, சோறு, கறி, தோல், எச்சில் தாள் எல்லாவற்றையும் கூழாக்கிவிடும். கூழாக முடியாதவை இரண்டு வழியில் பிரிகின்றன. கனமானவை அடியில் போய்த் தங்கும்: கரண்டி, கண்ணாடித் துண்டு, பெரிய எலும்பு, கல், யாரோ தவறவிட்ட பற்றரி. இலேசானவை மேலே மிதக்கும்: பிளாஸ்டிக் பைகள், டயப்பரின் வெளியுறை, உணவுப் பொதிகளின் மேல்தாள். அடியில் உள்ளதைத் திறந்து வெளியேற்றிவிட்டு, மிதப்பதைக் கோதி எடுக்கிறார்கள். மீந்த கூழைச் சுழற்றி மணலையும் நொறுங்கிய முட்டைக்கோதையும் பிரித்துவிட்டு, காற்றுப் புகாத கலத்துக்குள் அனுப்புகிறார்கள். அங்கே, நம் உடம்புச் சூட்டுக்குக் கிட்டவான வெப்பத்தில், ஒட்சிசன் வேண்டாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவாக்கும். அந்த வாயுவின் பெரும்பகுதி மீதேன்.

இப்போது மச்சாளின் கேள்விக்கு வருவோம். பிளாஸ்டிக் பையை ஏன் அனுமதிக்கிறார்கள்? அது மிதக்கும் என்பதால். டயப்பரை? அதன் வெளியுறை மிதந்துவிடும், உள்ளே உள்ள பஞ்சும் மற்றதும் கூழோடு போய்விடும் என்பதால். எலும்பை? சிறியது உடையும், பெரியது அடியில் போய்விடும், எப்படியும் இயந்திரம் நின்றுபோகாது என்பதால்.

எனக்கு மிகவும் பிடித்த வரி இதற்குப் பிறகுதான் வருகிறது. ‘மக்கக்கூடியது’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்து, ஓர் இலைப் படமும் போட்டு, சாதாரணக் கோப்பையைவிடக் கூடிய விலைக்கு விற்கிறார்களே, அந்தக் கோப்பையும் கரண்டியும் கோப்பி இயந்திரத்தில் போடும் சிறு குடுவையும் ரொறன்ரோவின் பச்சைத் தொட்டிக்குள் போகக்கூடாது. சோளத்திலிருந்து செய்ததாக இருக்கலாம், ஏதோ ஒரு ஆய்வுகூடத்தில் இத்தனை நாளில் மக்கியதாகச் சான்றிதழும் இருக்கலாம். ஆனால் சுழலும் தண்ணீருக்கு அது பிளாஸ்டிக்தான். கரையாது, கிழியாது, மிதக்கும். பிளாஸ்டிக் பைகளோடு சேர்த்துக் கோதி எடுத்து, குப்பையைப் புதைக்கிற நிலநிரப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அரை டொலர் கூடக் கொடுத்து வாங்கிய நல்லெண்ணத்துக்கும், சும்மா கிடைத்த பால் பைக்கும் முடிவு ஒன்றே. பால் பையாவது கழிவைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பிரம்டனும் மிசிசாகாவும் அடங்கிய பீல் பிராந்தியத்துக்கு அதன் ஏற்பாடு வேறு, அதனால் அதன் பட்டியலும் வேறு. மச்சாள் அதை நியாயம் அநியாயமாகப் பார்க்க வேண்டியதில்லை.

இதைவிடத் தெளிவாக விளங்க வேண்டுமென்றால் கொரியாவைப் பார்க்க வேண்டும். தென்கொரியாவில் உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் புதைப்பது 2005 முதல் தடை. தொடர்மாடிகளில் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வீடும் போடுவதை நிறுத்து, எடைக்கேற்பக் கட்டணம் வாங்குகிறார்கள். அங்கே எலும்பு போடக்கூடாது. நண்டுக்கோது, சிப்பி, முட்டைக்கோது, வெங்காயத் தோல், மாங்கொட்டை மாதிரியான கடின விதை, எதுவும் கூடாது. எங்கள் வீட்டுச் சமையலில் பாதி அங்கே குப்பை. காரணம், அங்கே சேர்வதில் கணிசமான பகுதி பதப்படுத்தப்பட்டு விலங்குத் தீவனமாகிறது. கோழியோ பன்றியோ இதைத் தின்னுமா என்று கேட்டுப் பார்த்தால் பட்டியல் தானாக வந்துவிடும். வெங்காயத் தோலை அது தின்னாது.

சான் பிரான்சிஸ்கோ 2009 இல் உணவுக் கழிவைப் பிரிப்பதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. அங்கே கழிவைத் திறந்த வெளியில் குவியலாக்கி, காற்றுப் படவிட்டு உரமாக்கித் தோட்டங்களுக்கு விற்கிறார்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள் அதற்கு நல்ல வாடிக்கையாளர்கள். குவியலில் பிளாஸ்டிக் கலந்தால் அது கடைசியில் திராட்சைக்கொடியின் அடியில் போய்க் கிடக்கும். ஆகவே பிளாஸ்டிக் பைக்கும் டயப்பருக்கும் அங்கே இடமில்லை. மக்கும் பைக்கு இடமுண்டு.

மூன்று ஊர், மூன்று பட்டியல். கூழாக்குகிற ஊர், தீவனமாக்குகிற ஊர், குவித்து மக்கவிடுகிற ஊர். இதில் எது உயர்ந்தது என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் எங்கள் ஊரின் பக்கம் நிற்பேன். அதற்காக அதில் குறை இல்லை என்று சொல்லவில்லை. கோதி எடுக்கப்படும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு நல்ல உணவுக் கழிவும் சேர்ந்து வெளியே போகிறது. அத்தனையும் கடைசியில் நிலநிரப்புக்குத்தான். இயந்திரம், தண்ணீர், பராமரிப்பு எல்லாம் செலவு. இருந்தும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவு வேலைக்குப் புறப்படுகிற ஒரு பெண்ணிடம் ‘பையைக் கட்டிப் போட்டுவிட்டுப் போ, மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம்’ என்று சொல்கிற ஏற்பாடுதான் நடக்கும். அவளிடம் இன்னும் நாலு விதி சொன்னால் எல்லாம் குப்பைத் தொட்டிக்குள் போய்விடும். கழிவைப் பிரிக்கிற வேலையை எவ்வளவுக்கு இயந்திரத்திடம் தள்ள முடியுமோ அவ்வளவுக்குத் தள்ளியவர்கள் மனிதரை அறிந்தவர்கள்.

அந்தத் தாராளம் சும்மா வரவில்லை. நெருக்கடியில் வந்தது.

நாங்கள் இங்கே வந்த காலத்தில் ரொறன்ரோவின் குப்பை வோன் நகரில் உள்ள கீல் வாலி என்ற நிலநிரப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அது 2002 டிசம்பர் கடைசியில் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக, வடக்கே 600 கிலோமீற்றர் தள்ளிக் கேர்க்லண்ட் லேக்குக்குக் கிட்டக் கைவிடப்பட்ட ஓர் இரும்புச் சுரங்கக் குழிக்குள் ரயிலில் கொண்டுபோய்க் கொட்டலாம் என்று திட்டம் போட்டார்கள். அங்குள்ள மக்கள் விடவில்லை. 2000 ஆம் ஆண்டிலேயே அந்தத் திட்டம் செத்துவிட்டது. பிறகு குப்பை எல்லை கடந்தது. ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மேற்பட்ட லொறிகள் 401 வழியாக மிச்சிகனுக்கு ஓடின. அமெரிக்காவுக்குப் போக எங்களுக்கு விசா கேட்டார்கள். எங்கள் மீன் செதிலுக்குக் கேட்கவில்லை. மிச்சிகன்காரர்கள் சும்மா இருப்பார்களா? வருடக்கணக்காகச் சண்டை பிடித்தார்கள். 2010 இன் முடிவோடு நகரக் குப்பையை அனுப்புவது நின்றது. அதற்குள் நகராட்சி, ஒன்ராறியோவில் உள்ள லண்டன் நகரத்துக்கு அருகே கிரீன் லேன் என்ற நிலநிரப்பை 2007 இல் விலைக்கு வாங்கியிருந்தது. அதுவும் 2030களின் நடுப்பகுதியில் நிரம்பிவிடும் என்பது கணக்கு.

ஆக, 2001 இல் நகரசபை ஒரு பணிக்குழுவின் திட்டத்தை ஏற்றபோது, நிலத்துக்குப் போகாமல் திருப்பிவிட வேண்டிய அளவு 2003 இல் 30 விழுக்காடு, 2006 இல் 60, 2010 இல் நூற்றுக்கு நூறு என்று எழுதியது. நூற்றுக்கு நூறு! தேர்தல் விஞ்ஞாபனத்தில்கூட அப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும். அது நடக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த அவசரத்தில்தான் பச்சைத் தொட்டி பிறந்தது. 2002 இல் எற்றோபிக்கோவில் தொடங்கி, அடுத்த வருடம் ஸ்காபறோவுக்கு வந்து, 2005 இல் நோர்த் யோர்க்கோடு தனி வீடுகளெல்லாம் முடிந்தன. வீட்டுக் குப்பையில் எடை கூடியதும் ஈரமானதும் அடுப்படிக் கழிவுதான். டயப்பரும் நாய்ப் பீயும் சேர்ந்தால் இன்னும் கூடும். லொறியில் மிச்சிகனுக்கு ஏற்றுவதைக் குறைக்க வேண்டுமென்றால் இவற்றையெல்லாம் பிரிக்க வேண்டும். எதையும் வேண்டாம் என்று சொல்கிற நிலையில் அன்று நகராட்சி இல்லை.

ஈரக் கழிவைப் பிரிக்காமல் மலையாகக் குவித்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் இலங்கையிலேயே உதாரணம் உண்டு. கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பன்று குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மலையின் எடையில் பெரும்பங்கு கொழும்பு அடுப்படிகளின் ஈரம். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத மனமில்லை.

2009 கோடையில் நகராட்சித் தொழிலாளர்கள் 39 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த ஊருக்கும் ஒரு பாடம் கிடைத்தது. பூங்காக்களில் தற்காலிகக் குவியல்கள். போத்தலும் அட்டையும் ஒரு மாதம் கிடந்தாலும் யாருக்கும் ஒன்றுமில்லை. நாறியது முழுவதும் பச்சைத் தொட்டிக்குரியது. மற்றதை இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுத்தாலும் பச்சைத் தொட்டியை மட்டும் ஏன் ஒவ்வொரு கிழமையும் எடுக்கிறார்கள் என்று கேட்பவர்கள் அதற்குப் பிறகு குறைந்துவிட்டார்கள்.

இரவில் குப்பை கிளறுகிற ரக்கூன் என்ற விலங்கின் கதையைச் சொல்லாமல் விட்டால் ரொறன்ரோக்காரர் யாரும் என்னை மன்னிக்கமாட்டார்கள். முதல் வந்த தொட்டி சிறியது. அதன் பூட்டு ரக்கூனுக்கு விளையாட்டுச் சாமான். காலையில் எழும்பிப் பார்த்தால் வாசலெல்லாம் கோழி எலும்பும் தேயிலையும். 2016 முதல் பெரிய தொட்டிகள் வந்தன. கொள்ளளவு 100 லீற்றர், சில்லுகள் உண்டு, மூடியில் திருகிப் பூட்டுகிற ஒரு கைப்பிடி. மொத்த ஒப்பந்தம் 31 மில்லியன் டொலர். ரக்கூனுக்குக் கட்டைவிரல் நம்மைப் போல் எதிரே மடங்காது, ஆகவே திருக முடியாது என்பது அதன் தத்துவம். லொறியின் கை தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போது பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். புத்திசாலித்தனமான வேலை. இரண்டு வருடத்துக்குள் ஒரு தாய் ரக்கூன் தொட்டியைச் சாய்த்து விழுத்தித் திறக்கிற காணொளி பத்திரிகையில் வந்துவிட்டது என்பது வேறு. எங்கள் தெருவில் பெரும்பாலும் பூட்டு வென்றுவிட்டது. ஒழுங்காகத் திருகாமல் விடுகிற வீட்டை மட்டும் அவை மறப்பதில்லை. ஊரில் மரநாய்க்கும் கோழிக்கூட்டுக்கும் இருந்த அதே உறவு.

இனி அடுப்படி. பட்டியலில் இல்லாத சில விடயங்கள் அங்கேதான் பழகுகின்றன.

எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, மூடியோடு ஒரு சிறிய வாளி இருக்கிறது. அதற்குள் பால் பை. ஒன்ராறியோவில் நாலு லீற்றர் பால் மூன்று சிறு பைகளாக ஒரு பெரிய பைக்குள் வரும். அந்தப் பெரிய பையின் தடிப்பும் அளவும் இந்த வாளிக்கென்றே தைத்தது போல் இருக்கும். சைவச் சாப்பாட்டு நாட்களில் ஒரு தொந்தரவும் இல்லை. முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ப்பால் பிழிந்த பூ, கறிவேப்பிலைக் காம்பு, தேயிலை எல்லாம் இரண்டு நாள் கிடந்தாலும் புளிப்பு மணத்தோடு நின்றுவிடும். மீன் நாளில்தான் வீடு நாறும். கோடையில் சனிக்கிழமை மீன் வாங்கினால், கழிவு எடுக்கிற நாள் வியாழன். நடுவே ஐந்து நாள். விளைமீன் தலையையும் இறால் கோதையும் அந்த வாளிக்குள் விட்டால் மூன்றாம் நாள் மூடியைத் திறக்கும்போது புழு நெளியும். ஆகவே மீன் கழிவு மட்டும் ஒரு தனிப் பையில் கட்டி ஃப்ரீசருக்குள் போகிறது. புதன் இரவு அதைக் கல்லுப் போல எடுத்துப் பச்சைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, தொட்டியை வாசலுக்குத் தள்ளுவேன். காலை ஏழு மணிக்குள் வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஃப்ரீசரைத் திறந்து பார்த்த மருமகன் முதல் தடவை மிரண்டுபோனார். இப்போது அவர் வீட்டிலும் அதே பழக்கம்.

மாரியில் தொல்லை எதிர்மாறு. ஈரமான பை தொட்டியின் அடியில் ஒட்டி உறைந்துவிடும். லொறி கவிழ்த்தாலும் விழாது; வெறுமையாக வந்த தொட்டியைத் தூக்கினால் பாதி பாரம் உள்ளேயே இருக்கும். அடியில் பத்திரிகைத் தாளை மடித்துப் போடுவதும், சோற்றை வடித்துப் போட்டுப் பையை இறுக்கிக் கட்டுவதும் அதற்கு மருந்து. பொரித்த எண்ணெயை ஊற்றாமல் தாளால் துடைத்து அந்தத் தாளைப் போட வேண்டும். மாமிக்கு இதில் உடன்பாடில்லை. எண்ணெய் துடைக்க இவ்வளவு தாளா என்பார். அவருடைய கணக்கில் தாள் என்பது எழுதுவதற்கு.

மாமி மட்டுமில்லை, எங்கள் வயதுக்காரர்கள் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: “நாங்கள் ஊரில் இதெல்லாம் எப்போதோ செய்ததுதானே. இவர்கள் இப்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள்.” எனக்கு இந்தப் பெருமையில் பாதி சம்மதம், பாதி இல்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் மண்ணுக்குச் செய்தது பெரிய வேலை. பனையோலையைக் கிழித்துத் தாட்பார்கள், பூவரசங் குழையை வெட்டிப் புகையிலைத் தோட்டத்தில் போட்டு மூடுவார்கள். மாட்டெரு இல்லாமல் வெங்காயப் பாத்தி இல்லை. அது அறிவு, உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் வீட்டு அடுப்படிக் கழிவை நாங்கள் பிரித்தோமா? கழுநீர் மாட்டுக்கு. வாழைக்காய்த் தோல் ஆட்டுக்கு. மீன் தலை பூனைக்கு. சிந்திய சோறு கோழிக்கும் காகத்துக்கும். மிச்சம் கிணற்றடி வாழைக்கு. பிரிக்கிற வேலையை விலங்குகள் செய்தன. பிளாஸ்டிக் என்பதே வீட்டுக்குள் வராத காலத்தில் பிரிப்பதற்கு என்ன இருந்தது? அதே ஊரில் இப்போது மாடில்லாத வீட்டு வேலியோரத்தில் பொலித்தீன் பையில் கட்டிய மீன் தலை கிடக்கிறது. பழக்கம் நம் இரத்தத்தில் இருந்திருந்தால் அது அங்கே கிடக்காது.

இன்னொரு நம்பிக்கையையும் கலைக்க வேண்டியிருக்கிறது. வசந்தத்தில் நகராட்சி இலவசமாக உரம் கொடுக்கும். எங்கள் ஆட்கள் வாளி, பெட்டி, அரிசிச் சாக்கு, மண்வெட்டி சகிதம் விடியவே நிற்பார்கள். ஸ்காபறோப் பின்வளவுகளில் பாவற்காயும் புடலங்காயும் பயித்தங்காயும் காய்க்கிற காய்ப்புக்கு அந்த உரத்துக்கும் பங்குண்டு. “நாங்கள் போட்ட கறிதான் திரும்பி வருகிறது” என்று வரிசையில் பகிடி விடுவார்கள். வருவது அதுவல்ல. அந்த உரம் இலையிலிருந்து வந்தது: ஒக்டோபரில் நாம் கூட்டி மண்ணிறத் தாள் பையில் கட்டி வைக்கிற மேப்பிள் சருகும், பிடுங்கிப்போட்ட புடலங்கொடியும். தோட்டக் கழிவுக்குப் பாதை வேறு. அதைப் பச்சைத் தொட்டிக்குள் போடவும் கூடாது. நம் கறியும் சோறும் முதலில் வாயுவாகின்றன. டஃபரின் ஆலையில் 2021 முதல் அந்த வாயுவைச் சுத்தப்படுத்தி, வீடுகளுக்கு எரிவாயு வருகிற அதே குழாய் வலைக்குள் செலுத்துகிறார்கள். நகராட்சியின் குப்பை லொறிகளில் பலவும் எரிவாயுவில் ஓடுபவை. கலத்தில் மீந்த திண்மம் வேறிடத்துக்குப் போய் மக்கி விவசாய நிலத்தில் சேர்கிறது. நம் வாளிக்கு அது திரும்புவதில்லை. அதைக் கேட்டு ஒருவர் முகம் வாடிவிட்டது. எனக்கென்னவோ பழைய சாம்பாரில் அடுப்பெரிவது கூடுதல் மகிழ்ச்சி.

இவ்வளவு நேரம் நான் புகழ்ந்த ஏற்பாடு தனி வீட்டுக்கானது. ரொறன்ரோவின் வீடுகளில் ஏறத்தாழப் பாதி தொடர்மாடிகளில் இருக்கின்றன. அங்கே இந்தக் கதை அப்படியே கவிழ்ந்துவிடுகிறது. தனி வீடுகள் தங்கள் கழிவில் திருப்பிவிடுகிற விகிதத்தில் பாதியளவைக்கூடத் தொடர்மாடிகள் பெரும்பாலும் எட்டுவதில்லை. மாடியில் இருப்பவர்கள் சோம்பேறிகள் என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் ஒருநாள் என் பெரியம்மாவின் கட்டடத்துக்கு வர வேண்டும்.

பெரியம்மா பதினான்காம் மாடி. அவருடைய கதவிலிருந்து எட்டடியில், நடைபாதையின் முடிவில், சுவரில் ஒரு சிறிய கதவு. இழுத்துத் திறந்து பையைப் போட்டால் அது நேரே கீழே குப்பைக் கொள்கலனுக்குள் விழும். அந்தக் குழாய் குப்பைக்கு மட்டும். மீன் தலையைப் பச்சைத் தொட்டியில் போட வேண்டுமென்றால் அவர் செருப்பு மாற்றி, லிப்டுக்குக் காத்து நின்று, கீழே இறங்கி, பின்கதவால் வெளியேறி, வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்துக்கு நடக்க வேண்டும். பெப்ரவரியில், முழங்கால் வலியோடு. எல்லாவற்றையும் கலந்து போடுவது எட்டடி. பிரித்துப் போடுவது கால் மணித்தியாலம். ‘பையைக் கட்டிப் போட்டுவிட்டுப் போ’ என்று தனி வீட்டுக்காரரிடம் சொன்ன நகரம், கிழவியிடம் மட்டும் தியாகம் கேட்கிறது. கட்டணமும் அப்படித்தான். குப்பையின் அளவுக்கேற்பக் கட்டடம் பணம் கட்டுகிறது, பச்சைத் தொட்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் மிச்சமாகும் காசு கட்டடத்துக்கு. பெரியம்மாவின் கைக்கு ஒரு சதமும் வராது, அவருக்குத் தெரியவும் வராது.

இதற்கு விடை இதே ஸ்காபறோவில் இருக்கிறது என்பதுதான் எரிச்சல். மல்வேன் பகுதியில் மேஃபெயர் ஒன் த கிரீன் என்று ஒரு கட்டடம். ஆயிரம் பேரளவில் வாழ்கிறார்கள். அங்கே குழாயை ஈரக் கழிவுக்கென்று மாற்றிவிட்டார்கள். அடுப்படிக் கழிவு எட்டடியில் விழும். குப்பையைப் போட விரும்புகிறவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். அவ்வளவுதான் மாற்றம். முன்பு கொள்கலன் கொள்கலனாகப் போன குப்பை, மாதத்துக்கு ஒரு கொள்கலன் என்ற அளவுக்கு இறங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின.  எது சுலபம் என்பதை மாற்றினார்கள்.

பெரியம்மாவின் கட்டடத்துக் குடியிருப்பாளர் கூட்டத்தில் அவருடைய சார்பில் இதைச் சொன்னேன். குழாய்க்குள் மீன் நாறாதா என்று ஒருவர் கேட்டார். இப்போதும் மீன் அதே குழாயால்தான் இறங்குகிறது, பையில் கட்டிய டயப்பரோடு சேர்ந்து, என்றேன். கரப்பான் வருமே என்றார் இன்னொருவர். கரப்பான் வந்து எத்தனையோ வருடம் என்று பின்வரிசையில் ஒரு குரல். நிர்வாகத்திலிருந்து வந்தவர், குழாயின் அடியில் உள்ள அமுக்கும் இயந்திரத்தை மாற்றச் செலவு பிடிக்கும், கணக்குப் பார்த்துச் சொல்கிறோம் என்றார். அது நியாயமான பதில். குப்பைக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள், பாதியானால் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். இலையுதிர் காலக் கூட்டத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மா கூட்டக் குறிப்பில் அதை எழுதச் சொல்லி, எழுதுகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழும்பினார்.